‘வரமா சாபமா’ கட்டுரையில் கொசு எங்கே போனது?



இந்த முறை ஒரு சிறுகதையையோ கவிதையையோ எடுத்து விமர்சிக்கப் போவதில்லை. நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஒரு வகைக் கட்டுரையையே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ‘அறிவியல் வளர்ச்சி வரமா சாபமா?’, ‘தொழில்நுட்பம்: ஆக்கமா அழிவா?’, ‘இயற்கையைக் காப்பது நம் கடமை’ என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் மாறாது. கதையும் கவிதையும் விமர்சனத்துக்கு உரியவை என்றால், நம் பிள்ளைகள் இவ்வளவு உழைத்து எழுதும் இந்த எழுத்தும் அதற்கு உரியதுதானே?

முதலில் ஒரு பத்தியைப் படியுங்கள். இது எந்த மாணவரின் தாளிலிருந்தும் எடுத்ததல்ல. இந்த வகைக் கட்டுரையின் சாயல் தெரிவதற்காக நானே எழுதியது.

“இன்றைய நவீன உலகில் அறிவியல் அசுர வேகத்தில் வளர்ந்து வருகிறது என்றால் அது மிகையாகாது. அறிவியல் என்பது கத்தியைப் போன்றது. மருத்துவர் கையில் இருந்தால் உயிரைக் காக்கும்; கொலைகாரன் கையில் இருந்தால் உயிரைப் போக்கும். தொழில்நுட்பத்தால் பல நன்மைகள் உள்ளன. அதே சமயம் பல தீமைகளும் உள்ளன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? ஆகவே, அறிவியலை நல்வழியில் பயன்படுத்தி நலமுடன் வாழ்வோமாக!”

எழுத்துப்பிழை இல்லை. சந்தி சரி. உவமை ஒன்று, பழமொழி ஒன்று, முடிவுரையில் ஓர் அறிவுரை. மொழிக்கு நாம் மதிப்பெண் கொடுத்துவிடுவோம். ஆனால் ஒரு கேள்வி. இதை எழுதியவர் எந்த ஊர்க்காரர்? எந்த ஆண்டில் இருக்கிறார்? எந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார், எதைக் கண்டு பயந்தார், எதைப் பார்த்துச் சிரித்தார்? ஒன்றுமே தெரியவில்லை. 1985-இல் மதுரையில் எழுதியது என்றாலும் நம்பலாம். போன வாரம் சிங்கப்பூரில் எழுதியது என்றாலும் நம்பலாம். இதில் ஒரு எதிர்வினையும் இல்லை என்பதுதான் என் முதல் குறை. ‘பல நன்மைகள்’, ‘பல தீமைகள்’ என்பதெல்லாம் எதிர்வினை அல்ல. அவை எதிர்வினை வந்து உட்கார வேண்டிய காலி நாற்காலிகள்.

இத்தனைக்கும் இதே மாணவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. உணவு வேளையில் கேன்டீனில் அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். “சார், எங்க புளோக்ல கொசுவைக் கொண்டுவந்து விடறாங்க சார், நம்ப முடியுதா?” என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் சிரிப்பு இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதே பிள்ளை பேனாவை எடுத்துத் தாளில் குனிந்ததும் கொசு காணாமல் போய்விடுகிறது, கத்தி வந்துவிடுகிறது. வாயில் இருந்த உயிர் தாளுக்கு வரும் வழியில் எங்கே தொலைந்தது? இதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் எதிர்வினைக்கு ஓர் இலக்கணமே உண்டு

எதிர்வினையைப் பற்றிப் பேச நாம் வெளியிலிருந்து கருவிகளைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மனத்தில் எழும் உணர்வு உடலிலும் பேச்சிலும் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. சிரிப்பு, வியப்பு, பயம், கோபம், மகிழ்ச்சி, பெருமிதம், அழுகை, இளிவரல் என எட்டு வகை. இளிவரல் என்றால் தாழ்வு அல்லது அருவருப்பு உணர்வு. வியப்புக்குத் தொல்காப்பியர் வைத்திருக்கும் பெயர் மருட்கை. கோபத்துக்கு வெகுளி.

இந்தப் பட்டியலைப் பல ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருப்போம். ஆனால் இதற்கு அடுத்த படிதான் நமக்கு இப்போது முக்கியம். ஒவ்வொரு மெய்ப்பாடும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. மொத்தம் 32. மருட்கை எதனால் வரும்? புதிதாக ஒன்றைப் பார்த்தால் வரும். மிகப் பெரியதைப் பார்த்தால் வரும். மிகச் சிறியதைப் பார்த்தாலும் வரும். ஒன்று இன்னொன்றாக மாறுவதைப் பார்த்தால் வரும். பயம் வருவதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களில் விலங்கும் ஒன்று. சிரிப்பின் நான்கு காரணங்களில் எள்ளல் ஒன்று.

கவனியுங்கள். உணர்வின் பெயரைச் சொன்னதோடு அந்த இலக்கணம் நிற்கவில்லை. ‘எதனால்?’ என்று கேட்கிறது. நம் ‘வரமா சாபமா’ கட்டுரைகள் கேட்க மறந்த கேள்வி இதுதான். உணர்வை எழுதினால் போதாது. அது பிறந்த இடத்தையும் எழுத வேண்டும். பிறந்த இடத்தை எழுதத் தொடங்கினாலே கட்டுரைக்கு ஊர் வந்துவிடும், ஆண்டு வந்துவிடும், ஆள் வந்துவிடும்.

நான் இருப்பது பாசிர் ரிஸ் பக்கம். அதனால் எடுத்துக்காட்டுகளை இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்தே எடுக்கிறேன். நீங்கள் உட்லண்ட்ஸ், ஜூரோங், பிடோக் என்று எங்கே இருந்தாலும் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அறிவியலுக்கு ஒன்று, தொழில்நுட்பமும் இயற்கையும் சேர்ந்ததற்கு ஒன்று, இயற்கைக்கு ஒன்று என மூன்றைப் பார்ப்போம்.

முதல் எடுத்துக்காட்டு: கொசுவை விட்டுக் கொசுவைப் பிடிப்பது

பாசிர் ரிஸ்ஸுக்குப் பக்கத்து நகர் தெம்பனிஸ். தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 அக்டோபரில் வோல்பாக்கியா திட்டத்தைக் களத்தில் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இடங்களில் தெம்பனிஸ் வெஸ்ட்டும் ஒன்று. வோல்பாக்கியா என்பது பல பூச்சியினங்களின் உடலில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா. அதை ஏடிஸ் ஆண் கொசுவுக்குள் செலுத்தி வளர்த்து வெளியே விடுகிறார்கள். அந்த ஆண் கொசு, வோல்பாக்கியா இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் பெண் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. இதைத் தொடர்ந்து செய்தால் கொசுக்கூட்டம் குறைகிறது. கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்குத்தான் ரத்தம் தேவை. ஆண் கொசு செடிகளின் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும்.

இதற்கு மக்களின் முதல் எதிர்வினை என்னவாக இருக்கும்? உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். “கொசுவை ஒழிங்கன்னு சொன்னா, கொசுவையே கொண்டுவந்து விடறாங்களே!” இது எள்ளலில் பிறந்த சிரிப்பு. “நம்ம பிள்ளையைக் கடிச்சா யாரு பொறுப்பு?” இது பயம். “பூந்தொட்டித் தண்ணியைக் கொட்டலைன்னா எனக்கு அபராதம், அவங்க கொசுவே விடலாமா?” இது வெகுளி. ஒரே செய்திக்கு மூன்று மெய்ப்பாடு. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூன்றையும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இப்போது அடுத்த படிக்கு வாருங்கள். விவரம் தெரிந்த பிறகு அந்த எதிர்வினைக்கு என்ன ஆகிறது? கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்று தெரிந்ததும் பயம் குறைகிறது. ஆனால் முழுக்கப் போய்விடுமா? ‘ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரிப்பார்கள்? நடுவில் ஒரு பெண் கொசு நழுவி வந்துவிட்டால்?’ என்று நல்ல மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்தில் ஆண் சிறியதாகவும் பெண் பெரியதாகவும் இருக்கும். அந்த அளவு வேறுபாட்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதையும் தாண்டி ஒன்றிரண்டு பெண் கலந்துவிட்டால் அவை இனப்பெருக்கம் செய்யாதிருக்க, குறைந்த அளவு எக்ஸ்ரே கதிரையும் பயன்படுத்துகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டதும் பயம் இருந்த இடத்தில் மருட்கை வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா, டெங்கியை எதிர்த்து நிற்கிறது! மிகச் சிறியதைக் கண்டு வரும் வியப்பு என்று பார்த்தோமே, அது இதுதான்.

பலன்? 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. ஓராண்டுக்கு மேல் வோல்பாக்கியா கொசுக்கள் விடப்பட்ட வட்டாரங்களில் வசிப்போருக்கு டெங்கி வரும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருப்பதாக வாரியம் தெரிவித்திருக்கிறது. அதே வாரியம், தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்பதையும் விடாமல் சொல்லிவருகிறது. ஆக, பூந்தொட்டித் தண்ணீரைக் கொட்டும் வேலை உங்களுக்கும் எனக்கும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இது வரமா, சாபமா? பார்த்தீர்களா, கேள்வியே இங்கே பொருந்தவில்லை. ‘முதலில் என்ன நினைத்தேன், ஏன் நினைத்தேன், எது தெரிந்தபின் மாறினேன், எதில் இன்னும் மாறவில்லை’ என்று நான்கு படிகளாகத்தான் இதை எழுத முடியும். நான்கும் சேர்ந்தால் ஒரு முழுக் கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

இரண்டாம் எடுத்துக்காட்டு: இருவாச்சிக்கு ஒரு பெட்டி வீடு

‘தொழில்நுட்பம் வளர வளர இயற்கை அழிகிறது.’ நம் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வாக்கியம். பல இடங்களில் அது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் உண்மையா?

பாசிர் ரிஸ் பூங்காவுக்குக் காலையில் போனால் இருவாச்சியைப் பார்க்க வாய்ப்புண்டு. கறுப்பு உடல், வெள்ளை வயிறு, பெரிய மஞ்சள் அலகு. அலகின்மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல் ஒரு கொண்டை இருக்கும். இருவாச்சி என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். இந்தப் பறவை 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோனது. 1994-இல் புலாவ் உபினில் ஒரு சோடி மறுபடியும் கண்ணில் பட்டது. பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே, அதே உபின்தான்.

வந்துவிட்டது, சரி. தங்குவதற்கு வீடு? இருவாச்சி மரப்பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலைச் சின்னப் பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை அந்தப் பிளவு வழியாக உணவு ஊட்டும். அவ்வளவு பெரிய பொந்து வேண்டுமென்றால் வயதான பெரிய மரம் வேண்டும். அப்படிப்பட்ட மரங்கள் இங்கே குறைவு. எனவே 2004-இல் தொடங்கிய இருவாச்சித் திட்டத்தில் ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகளைச் செய்து மரங்களில் பொருத்தினார்கள். உள்ளே கேமராவும் உணர்கருவிகளும் வைத்து, வெப்பம், ஈரப்பதம், குஞ்சின் வளர்ச்சி ஆகியவற்றைக் கவனித்தார்கள். இன்று சிங்கப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட இருவாச்சிகள் இருக்கின்றன.

இங்கே கேமரா இயற்கைக்கு எதிரியா? இல்லை. அப்படியானால் தொழில்நுட்பம் இயற்கையைக் காப்பாற்றிவிட்டது என்று கைதட்டி முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். பெட்டிக்கூடு தேவைப்பட்டதே பெரிய மரங்கள் இல்லாமல் போனதால்தான். மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதுமட்டுமா, இருவாச்சி பழம் தின்னும் சாதுப் பறவை மட்டுமல்ல. பல்லி, ஓணான், மற்றப் பறவைகளின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். வண்ணப்படம் எடுத்து ரசித்த அதே ஆள், அது வேறொரு கூட்டிலிருந்து குஞ்சைத் தூக்குவதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். பறவை மாறவில்லை. நாம் பார்த்த பகுதி மாறியது. நம் எதிர்வினையும் மாறியது. இந்த மாற்றத்தைச் சொல்வதற்கு ‘நன்மை – தீமை’ என்ற இரண்டு பத்தி அமைப்பில் எங்கே இடம் இருக்கிறது?

மூன்றாம் எடுத்துக்காட்டு: காட்டுப்பன்றிக்கு ரொட்டி

இது கொஞ்சம் சங்கடமான எடுத்துக்காட்டு. வேண்டுமென்றேதான் எடுக்கிறேன்.

2021 பிப்ரவரியில், நமக்கு அடுத்த நகரான பொங்கோலில் காட்டுப்பன்றி தாக்கி இரண்டு பெண்கள் காயமடைந்தார்கள். பாசிர் ரிஸ்ஸை ஒட்டிய லோரோங் ஹாலுஸ் பக்கம் காட்டுப்பன்றிகளுக்கு உணவு கொடுத்த சிலர்மீது சட்ட நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூன் 1-இலிருந்து சிங்கப்பூரில் எங்கும் வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறை என்றால் 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

இதில் சங்கடம் எங்கே வருகிறது? நம் வீடுகளில்தான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். புறாவுக்கு ஒரு பிடி அரிசி போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். “வாயில்லா ஜீவன், பாவம்” என்பது நம் பேச்சில் எவ்வளவு இயல்பாக வருகிறது! அந்த இரக்கம் பொய்யல்ல. ஆனால் ரொட்டி தின்று பழகிய காட்டுப்பன்றி மனிதரைப் பார்த்தால் விலகாது. உணவு வருகிறது என்று நெருங்கும். கையில் பை இருந்தால் அதில் தீனி இருப்பதாக நினைக்கும். இன்று ஒருவர் போட்ட ரொட்டிக்கு நாளை வேறொருவர் கால் காயப்படலாம். கடைசியில் பன்றியும்தான் பிடிபடும். இரக்கம் காட்டியவர் அதைப் பார்க்க அங்கே இருக்க மாட்டார்.

தேர்வுத் தாளில் இதே விஷயம் மின்னஞ்சலாக வரலாம். ‘உங்கள் வட்டாரத்தில் காட்டுப்பன்றிகள் நடமாடுகின்றன. நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் எழுதுக’ என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விடை எப்படி இருக்கும்? “மக்கள் பெரும் பீதியில் உள்ளனர். உடனடியாகத் தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.” தகுந்த நடவடிக்கை என்றால் எது? பீதி எதனால்? இதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

நல்ல விடை இந்த வரிசையில் போகும். எந்தப் பாதையில், எந்த நேரத்தில், எத்தனை பன்றிகளைப் பார்த்தேன். குட்டிகள் உடன் இருந்தனவா. பக்கத்தில் ரொட்டித் துண்டோ மிச்ச உணவோ கிடந்ததா. அதைப் பார்த்து எனக்கு ஏன் பயம் வந்தது. தம்பி அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறான் என்பதாலா. இறுதியில் நான் கேட்பது என்ன: குப்பைத்தொட்டிக்கு மூடி, உணவு கொடுக்க வேண்டாம் என்று நான்கு மொழிகளிலும் அறிவிப்பு, முதியவர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். இந்த மின்னஞ்சலில் ‘பீதி’ என்ற சொல்லே தேவைப்படாது. படிப்பவருக்கே நிலைமை புரிந்துவிடும்.

“நேரம் எங்கே இருக்கு டீச்சர்?”

இந்த இடத்தில் இரண்டு எதிர்ப்புகள் வரும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, ஆசிரியர்களிடமிருந்து. ‘வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு ஒரு வார்ப்பைக் கொடுத்தால்தான் நாலு பத்தியாவது எழுதும். அதையும் பிடுங்கிவிட்டால்?’ பிடுங்கச் சொல்லவில்லை. வார்ப்பு வேண்டும், எது வார்ப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இப்போது நாம் முடிந்துபோன வாக்கியங்களை வார்ப்பாகக் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாகக் கேள்விகளை வார்ப்பாகக் கொடுக்கலாம். ‘எங்கே பார்த்தாய்? முதலில் என்ன தோன்றியது? ஏன்? அதன்பின் என்ன தெரிந்தது? இப்போது என்ன நினைக்கிறாய்?’ இந்த ஐந்துக்கும் ஐந்து எளிய வாக்கியம் எழுதும் பிள்ளை, கத்தி உவமையை மனப்பாடம் செய்த பிள்ளையைவிடக் குறைவாகத் தமிழ் கற்கவில்லை. கூடுதலாகவே கற்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் தானே தேடி எடுக்கிறது.

இரண்டாவது, மாணவர்களிடமிருந்து. ‘தேர்வறையில் யோசிக்க நேரம் ஏது? மனப்பாடம் செய்தது பாதுகாப்பு.’ புரிகிறது. ஆனால் யோசிக்க வேண்டிய நேரம் தேர்வறை அல்ல. இன்று மாலை பேருந்தில் போகும்போது யோசியுங்கள். மூன்று நிகழ்வுகளை உங்கள் வட்டாரத்திலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த ஐந்து கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு என்று எந்தத் தலைப்பு வந்தாலும் அவற்றில் ஒன்று பொருந்தும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும்போதும் இதே மூன்றும் கைகொடுக்கும். அங்கே பேச்சுத்தமிழிலேயே சொல்லலாம்: “முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் விவரம் தெரிஞ்சப்போ...” என்று தொடங்கிப் பாருங்கள். தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

அதே பொருள், வேறு பத்தி

மேலே காட்டிய கத்திப் பத்திக்குப் பதிலாக என்ன எழுதலாம்? தெம்பனிஸில் வசிக்கும் ஒரு மாணவர் எழுதுவதாகக் கற்பனை செய்து ஒரு பத்தி தருகிறேன்.

“எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவர் சிறிய டப்பாவைத் திறந்து கொசுக்களை வெளியே விட்டார். என் பாட்டி கோபத்தோடு அவரிடம் சண்டைக்குப் போனார். எனக்கும் கோபம் வந்தது. போன ஆண்டு டெங்கியால் என் அக்கா மருத்துவமனையில் இருந்தாள். பிறகு, அவை கடிக்காத ஆண் கொசுக்கள் என்றும் அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிக்காது என்றும் அறிவியல் பாடத்தில் படித்தேன். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் பாதி நம்பினார். ‘சரிடா, ஆனா பூந்தொட்டித் தண்ணியை நான் கொட்டத்தான் செய்வேன்’ என்றார். பாட்டி சொன்னதும் சரிதான். அறிவியல் தன் வேலையைச் செய்யும்போது நம் வேலை முடிந்துவிடுவதில்லை.”

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. பழமொழி இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது, அதன் காரணம் இருக்கிறது, காரணம் மாறியதும் கோபம் மாறுகிறது. முழுதாக மாறாத பாட்டியும் இருக்கிறார். கடைசி வாக்கியம் ஒரு கருத்து. அது மேலே சொன்ன நிகழ்விலிருந்தே பிறக்கிறது. கத்திப் பத்தியின் கடைசி வாக்கியம் எங்கிருந்து பிறந்தது? எங்கிருந்தும் இல்லை. அது தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பே தயாராக இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களை மட்டும் குறை சொல்லி முடித்தால் இந்த விமர்சனம் நேர்மையாக இருக்காது. அந்த வாக்கியங்களை அவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பயிற்சித் தாள்களிலும் மாதிரிக் கட்டுரைகளிலும் படித்துத்தான் எடுத்தார்கள். திருத்தும்போது ‘அசுர வேகம்’ என்ற தொடருக்குப் பக்கத்தில் சரி போடும் நம் பேனா, “பாட்டி பாதி நம்பினார்” என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் போடாமல் போனால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அடுத்த முறை திருத்தும்போது, எங்கே ஓர் எதிர்வினைக்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். ஓரத்தில் ‘ஏன்?’ என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். இரண்டு கட்டுரைகளிலேயே வேறுபாடு தெரியத் தொடங்கும்.

சொற்களையும் கொடுப்போம். நம் பிள்ளைகள் அலையாத்திக் காடு என்பதை ஆங்கிலப் பெயராலேயே அறிவார்கள். பாசிர் ரிஸ் பூங்காவின் 70 ஹெக்டரில் ஏறத்தாழ 6 ஹெக்டர் அந்தக் காடுதான். நடைபாதையில் நின்றே பார்க்கலாம். அலையின் வேகத்தைத் தணிக்கும் காடு என்று அந்தப் பெயரே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது. சுங்கையில் குடும்பத்தோடு நீந்தும் நீர்நாய்க்குச் சங்க இலக்கியத்திலும் நீர்நாய் என்றுதான் பெயர். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் சிங்கப்பூரின் சதுப்புநிலங்களிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்பதால் மலாயில் அதைப் புத்தா புத்தா என்கிறார்கள். புத்தா என்றால் குருடு. இப்படி ஒவ்வொரு சொல்லோடும் ஓர் இடத்தைக் காட்டினால், பிள்ளைக்கு அந்தச் சொல் தேர்வுக்கு முன்தினம் மனப்பாடம் செய்யும் சொல்லாக இருக்காது.

கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் பல பிள்ளைகளுக்கு அறிவியலைப் பற்றி யோசிக்க ஆங்கிலம், மதிப்பெண் வாங்கத் தமிழ் என்று ஒரு பிரிவினை நடந்துவிட்டது. ‘வரமா சாபமா’ கட்டுரை அந்தப் பிரிவினையை ஒவ்வோர் ஆண்டும் உறுதிப்படுத்துகிறது: தமிழில் யோசிக்க வேண்டாம், ஒப்பித்தால் போதும் என்கிறது. எனக்குக் கவலை அதில்தான். ஒரு மொழியில் பயந்தும் சிரித்தும் சந்தேகப்பட்டும் மனம் மாறியும் பழகாத பிள்ளை, தேர்வு முடிந்த மறுநாள் அந்த மொழியை மூட்டைகட்டி வைத்துவிடும். அப்புறம் நாம் எத்தனை தமிழ்மொழி விழா நடத்தினாலும் அந்த மூட்டையை அவிழ்ப்பது கஷ்டம்.

ஆகவே மாணவர்களே, இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் புளோக்கைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். ஓர் உயிரினம், ஒரு கருவி, அண்டை வீட்டுக்காரர் சொன்ன ஒரு புகார். மூன்றையும் குறித்துக்கொண்டு, ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்களே, வந்தவற்றில் உங்களுக்குப் பிடித்ததை வகுப்பில் உரக்கப் படியுங்கள். எழுதிய பிள்ளையின் முகத்தையும் அப்போது ஒரு தடவை பாருங்கள்.